ஏ-மேத்ஸ் படிக்காதவர் வணிகப் பட்டப்படிப்பின் நுண்கணிதப் பாடத்தைச் சமாளிக்க முடியுமா?

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளியில் ஏ-மேத்ஸ் எனப்படும் கூடுதல் கணிதப் பாடத்தை எடுக்காமல், பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகப் பட்டயம் பெற்று, தேசிய சேவையையும் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேரும் உங்களுக்கு முதலாண்டிலேயே நுண்கணிதம் கட்டாயப் பாடமாக வந்திருக்கிறது. வணிகம் படிப்பவருக்கு இது எதற்கு, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே வழியில் வந்து பொருளியல் பட்டம் பெற்றவன். தாராளமாக முடியும், ஆனால் சூத்திரங்களை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்காதீர்கள். ஒரே ஒரு கடைக் கணக்கை எடுத்துக்கொண்டு, அதில் வரும் ஒவ்வோர் எண்ணும் எதைக் குறிக்கிறது என்று வாய்விட்டு விளக்க முடிகிற வரையில் அதை விடாதீர்கள்.

தேக்கா உணவங்காடி நிலையத்தில் மீ கோரிங் என்ற வறுத்த நூடுல்ஸ் விற்கும் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை. விலை வி வெள்ளி என்றால் நாளொன்றுக்கு 300 − 40வி தட்டுகள் விற்கும், அதாவது விலை ஒரு வெள்ளி ஏறினால் விற்பனையில் 40 தட்டு குறையும். விலையை விற்பனையால் பெருக்கினால் வருவாய்: 300வி − 40வி². இதை வகையிட்டால், அதாவது விலை சற்றே மாறும்போது வருவாய் எந்த வேகத்தில் மாறுகிறது என்று கண்டால், 300 − 80வி என்ற வகைக்கெழு கிடைக்கும். அது சுழியமாகும் இடம், அதாவது வருவாய் ஏறுவது நின்று இறங்கத் தொடங்கும் இடம், 3.75 வெள்ளி. அந்த விலையில் 150 தட்டு விற்று 562.50 வெள்ளி வரும், வேறு எந்த விலையிலும் இதைவிட அதிகம் வராது. பல மாணவர்கள் இங்கேயே விடைக்கு அடிக்கோடிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். கடைக்காரருக்கு வேண்டியதோ இலாபம். ஒரு தட்டுக்குப் பொருட்செலவு 1.50 வெள்ளி என்றால் இலாபம் (வி − 1.50)(300 − 40வி) ஆகும்; அதை வகையிட்டுச் சுழியத்துக்குச் சமன்படுத்தினால் விலை 4.50, விற்பனை 120 தட்டு, இலாபம் 360 வெள்ளி. 3.75 வெள்ளிக்கே விற்றிருந்தால் இலாபம் 337.50 வெள்ளிதான்.

இதே கணக்கில் தேவை நெகிழ்ச்சியையும், அதாவது விலை 1% ஏறினால் விற்பனை எத்தனை விழுக்காடு குறையும் என்பதையும், பார்த்துவிடலாம். 3.75 வெள்ளியில் அது சரியாக 1, 4.50 வெள்ளியில் 1.5. செலவே இல்லாத ஒரு பொருளை விற்கும் ஒற்றை விற்பனையாளர்தான் நெகிழ்ச்சி 1 ஆகும் இடத்தில் நிற்பார். பிரெஞ்சுக் கணிதவியலாளர் கூர்னோ 1838-இல் ஒரு கனிம நீரூற்றின் உரிமையாளரை எடுத்துக்காட்டாக வைத்து, வருவாயை வகையிட்டுச் சுழியமாக்கியது இதே வழியில்தான்.

இனி நாளொன்றுக்கு 100 வெள்ளி வாடகையைச் சேருங்கள். இலாபச் சார்பிலிருந்து 100 கழியும்; மாறிலியின் வகைக்கெழு சுழியம் என்பதால் சமன்பாடு அப்படியே நிற்கும். சிறந்த விலை 4.50 ஆகவே இருக்க, இலாபம் மட்டும் 260 ஆகக் குறையும். வாடகை ஏறியது, அதனால் விலையை ஏற்றினோம் என்று காப்பிக்கடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் விளக்கத்துடன் இது மோதுகிறது அல்லவா? ஏற்கெனவே தனக்குச் சிறந்த விலையில் விற்றுக்கொண்டிருக்கும் ஒரு கடையின் விலையை வாடகை தொடுவதில்லை. ஆனால் வாடகை 360 வெள்ளியைத் தாண்டினால் அந்தக் கடையே மூடப்படும், அப்படிச் சில கடைகள் மூடப்பட்ட பிறகு மிஞ்சியவற்றுக்குத் தேவை கூடி, அவற்றின் சிறந்த விலை உயரும். மாறிலியை வகையிட்டால் சுழியம் என்ற ஒற்றை வரி விதி இவ்வளவு தூரம் பேச இடம் தருகிறது என்பதே, வணிகம் படிப்பவருக்கு இந்தப் பாடம் எதற்கு என்ற கேள்விக்கு நான் தரக்கூடிய நேர்மையான விடை.

வகையிட முடியாத புள்ளி என்று விரிவுரையில் ஒன்று வரும். அது கணிதத் துறையினரின் வீண் கவலை என்று பலரும் நினைப்பார்கள். நம் சிங்கப்பூர் வருமான வரியைப் பாருங்கள். 2024 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடப்பிலுள்ள விகிதப்படி, வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை, அடுத்த 10,000-க்கு 2%, அதற்கடுத்த 10,000-க்கு 3.5%, அதன்பின் வரும் 40,000-க்கு 7%. 40,000 வெள்ளியில் மொத்த வரி 550 வெள்ளி, அதாவது சராசரி 1.375%. அந்த இடத்தில் இடப்பக்கச் சாய்வு 3.5%, வலப்பக்கச் சாய்வு 7%. வரிச் சார்பு தொடர்ச்சியானதுதான், ஆனால் அங்கே அதற்கு வகைக்கெழு இல்லை. சம்பள உயர்வால் அடுத்த வரி அடுக்குக்குப் போய்விட்டால் முழுச் சம்பளத்துக்கும் கூடுதல் வரி விழும் என்று அஞ்சுபவர்கள், இந்த வரைபடத்தை ஒருமுறை வரைந்து பார்த்தால் போதும்; கூடுதல் விகிதம் எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டுமே என்பது தெரிந்துவிடும்.

உங்களைத் தடுமாற வைக்கப்போவது பெரும்பாலும் நுண்கணிதமாக இருக்காது, இயற்கணிதமாகத்தான் இருக்கும். பின்ன அடுக்குகள், காரணிப்படுத்தல், மடக்கை விதிகள் ஆகியவற்றைப் பாடம் தொடங்கும் முன்பே கை பழக்கிக்கொள்ளுங்கள். தொடக்கக் கல்லூரியில் எச்2 கணிதம் எனப்படும் உயர்நிலைக் கணிதப் பாடத்தைப் படித்து வந்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் பழைய பாடம் என்பதால் அவர்கள் கை வேகமாக ஓடும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்டால் அவர்களிலும் பலர் தயங்குவார்கள். வகையிடலில், ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருக்கும்போது பயன்படும் சங்கிலி விதிக்கு அதிக நேரம் கொடுங்கள். மடக்கையின் பயனை உணர, ஆண்டுக்கு 2.5% கூட்டு வட்டியில் மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கில் கிடக்கும் தொகை இரட்டிப்பாக எவ்வளவு காலம் ஆகும் என்று போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 28 ஆண்டு வரும்.

வகையிடலின் எதிர்ச்செயலான, கோட்டுக்குக் கீழுள்ள பரப்பளவைக் காண உதவும் தொகையிடல் இத்தகைய அறிமுகப் பாடங்களில் பொதுவாகச் சிறு பகுதிதான், அதற்கும் அதே மீ கோரிங் கடை போதும். 4.50 வெள்ளிக்கு விற்கும்போது, வாடிக்கையாளர்கள் கொடுக்கத் தயாராக இருந்த தொகைக்கும் உண்மையில் கொடுத்த தொகைக்கும் உள்ள வேறுபாடான நுகர்வோர் உபரியைத் தேவைக் கோட்டுக்கும் விலைக் கோட்டுக்கும் இடைப்பட்ட முக்கோணப் பரப்பளவாகவே கண்டுபிடிக்கலாம்: 180 வெள்ளி. பிறகு தொகையிட்டு அதே விடை வருகிறதா என்று சரிபாருங்கள்.