26 வயதில் சர்க்கரை 104, கொலஸ்ட்ரால் 212: மாத்திரை போட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 26. இராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். உயரம் 170 செ.மீ., எடை 74 கிலோ, பேன்ட் சைஸ் 34. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. கம்பெனியில் எடுத்த மாஸ்டர் செக்கப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 104, எச்.பி.ஏ1சி 5.6, மொத்த கொலஸ்ட்ரால் 212, எல்.டி.எல். 128, எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைடு 238 என்று வந்திருக்கிறது. முந்தின நாள் ஷிஃப்ட் முடிந்து இரவு 11.30 மணிக்கு ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டேன். காலை 7.30-க்கு ரத்தம் எடுத்தார்கள். அப்பாவுக்கு 48 வயதில் சர்க்கரை வந்தது. கூட வேலை செய்பவர்கள் கொழுப்பு மாத்திரை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். அம்மா அரிசியை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் கேழ்வரகுக் களி போடுகிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், இராணிப்பேட்டை

பதில்: இப்போது உங்களுக்கு மாத்திரை வேண்டாம். அதற்காக ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடாதீர்கள். எல்லோரும் பயப்படுவது அந்த 212-ஐப் பார்த்து. நான் கவலைப்படுவது ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 238, நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். 36 என்ற இரண்டு எண்களையும், நீங்கள் அளந்து எழுதாத இடுப்புச் சுற்றளவையும் பற்றி.

முதலில் சர்க்கரை. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் சிக்கல் இல்லை. 126-ஐத் தொட்டால் நீரிழிவு. அதுவும் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது, இன்னொரு முறை உறுதி செய்ய வேண்டும். இடைப்பட்ட 100 முதல் 125 வரையானதை அமெரிக்க நீரிழிவு சங்கம் 'நீரிழிவுக்கு முந்தைய நிலை' என்கிறது. உலக சுகாதார நிறுவனம் அந்த எல்லையை 110-இல்தான் தொடங்குகிறது. ஆக உங்கள் 104 ஒரு கணக்கில் எல்லை தாண்டியது, இன்னொரு கணக்கில் தாண்டாதது. இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 5.7-க்குக் கீழே இருந்தால் சரி. உங்களுடையது 5.6, விளிம்பில் நிற்கிறது. இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் சற்று ஏற்றியே காட்டும். ரத்தம் இழந்தவர்களுக்கும் சமீபத்தில் ரத்த தானம் செய்தவர்களுக்கும் இறக்கிக் காட்டலாம். அதனால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதையும் அதே ரிப்போர்ட்டில் பாருங்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு பாடம் உண்டு. வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளை சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வாளர்கள் பதிவு செய்துவைத்து, அவர்கள் 26 முதல் 32 வயதாக இருக்கும்போது மீண்டும் பரிசோதித்தார்கள். குளுக்கோஸ் குடித்த 2 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அந்த இளம் வயதிலேயே கணிசமானவர்களுக்குச் சர்க்கரை கூடியிருந்தது. வெறும் வயிற்றில் எல்லை தாண்டியவர்களோ அதைவிட மிகக் குறைவு. நம் ஊரில் முதலில் கெடுவது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரைதான். வெறும் வயிற்று எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பது அதனால்தான்.

இனி கொழுப்பு. மொத்த கொலஸ்ட்ரால் என்பது நல்லது கெட்டது எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை. அதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். 128 என்ற எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) பெரும்பாலும் நேரடியாக அளக்கப்பட்டதல்ல, கணக்குப் போட்டது: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 212-இல் 36-ம் 48-ம் போனால் 128. ட்ரைகிளிசரைடு ஏறினால் எல்.டி.எல். தானாகவே இறங்கித் தெரியும் என்பது இந்தக் கணக்கின் குறை. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது, நேரடியாக அளக்க வேண்டும். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐ மட்டும் கழித்துப் பார்ப்பது இதைவிட நம்பகமானது. உங்களுக்கு அது 176. 130-க்குள் இருந்தால் நல்லது.

ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். ஆண்களுக்கு எச்.டி.எல். 40-க்கு மேல், பெண்களுக்கு 50-க்கு மேல் இருக்க வேண்டும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்குவது தென்னிந்திய இளைஞர்களிடம் அடிக்கடி காணும் ஜோடி. செலவாகாத சோற்றையும் சர்க்கரையையும் கல்லீரல் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. அந்த ட்ரைகிளிசரைடு எச்.டி.எல். துகள்களிலும் ஏறிக்கொள்ள, அவை சீக்கிரமே ரத்தத்திலிருந்து அகற்றப்பட்டுவிடுகின்றன. இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியாத நிலையின் அடையாளம் இது. சர்க்கரை ஏறுவதற்குப் பல வருடம் முன்பே தெரியும். அதனால்தான் அந்த இரண்டு எண்களையும் முதலில் சொன்னேன்.

ஆனால் உங்கள் 238-ஐ அப்படியே நம்பவும் முடியாது. எண்ணெய் நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு ட்ரைகிளிசரைடு பல மணி நேரம் உயர்ந்தே இருக்கும். பிரியாணி முடிந்து 8 மணி நேரம்தான் ஆகியிருந்தது. சர்க்கரைக்கு 8 மணி நேரம் போதும், இதற்கு 10 முதல் 12 மணி நேரம் வேண்டும். எனவே அதில் கொஞ்சம் பிரியாணியின் பங்கு இருக்கலாம். எச்.டி.எல். 36 அப்படி ஒரு ராத்திரியில் வருவதல்ல.

சர்க்கரை எண்ணிலும் ஒரு சந்தேகம் உண்டு. கம்பெனி செக்கப்பில் எடுத்த ரத்தம் சாம்பல் நிற மூடி போட்ட ஃப்ளூரைடு குழாயில் சேகரிக்கப்படாமல் பல மணி நேரம் கிடந்தால், ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அப்படி நடந்திருந்தால் உண்மையான எண் 104-ஐவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும்.

ஆகவே இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு நல்ல லேபில் மீண்டும் எடுங்கள். காய்ச்சலோ வேறு தொற்றோ வந்திருந்தால் அது முழுதும் ஆறிய பிறகு போங்கள். சோதனைக்கு முந்தைய 3 நாள் வழக்கமான சாப்பாடு, சோறு இட்லி உட்படச் சாப்பிடுங்கள். பட்டினி கிடந்து போனால் குளுக்கோஸ் சோதனை பொய்யாக ஏறிக் காட்டும். அந்த 3 நாளும் மது வேண்டாம். பகல் ஷிஃப்ட் உள்ள வாரமாகப் பார்த்து, இரவு 8.30-க்குள் சாப்பிட்டு முடித்து நன்றாகத் தூங்குங்கள். காலையில் தண்ணீர் குடிக்கலாம். டீ, காபி, சிகரெட் கூடாது. 7.30-க்கு முதல் ரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். குமட்டினால் எலுமிச்சைச் சாறு சில துளி விடலாம். குடிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து சரியாக 2 மணி நேரத்தில் இரண்டாவது ரத்தம். அதுவரை அங்கேயே உட்கார்ந்திருங்கள், வெளியே நடந்துவிட்டு வந்தால் எண் இறங்கிவிடும். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய சோதனை செல்லாது. 2 மணி நேர அளவு 140-க்குக் கீழே இருந்தால் நல்லது, 140 முதல் 199 வரை எச்சரிக்கை, 200 என்றால் நீரிழிவு. கூடவே தைராய்டு சோதனையான டி.எஸ்.எச்.-ம், கல்லீரல் என்சைமான எஸ்.ஜி.பி.டி.-யும் பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் கொழுப்பு ஏறும்.

பேன்ட் சைஸ் இடுப்பளவு ஆகாது. பேன்ட்டை நாம் தொப்பைக்குக் கீழே கட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை விட்டபின் வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உங்கள் உடல் எடைக் குறியீடு 25.6. நமக்கு 23-இலேயே கூடுதல் எடை தொடங்குகிறது, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன்.

அம்மாவின் அக்கறை புரிகிறது, ஆனால் மூன்று வேளைக் களி தீர்வாகாது. கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் நிறைய உண்டு. மாவுச்சத்தோ அரிசியிலிருந்து அதிகம் குறைவில்லை: 100 கிராமில் ஏறக்குறைய 70 கிராம். மாவாக அரைத்துக் குழைய வேகவைத்த களி சீக்கிரம் சீரணமாகும், சர்க்கரையையும் ஏற்றும். ஒரு வேளை, ஒரு சிறிய உருண்டை, கூடவே கீரைக் குழம்போ காராமணிக் குழம்போ இருந்தால் அது நல்ல சாப்பாடு. மற்ற வேளைகளில் தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ கோழியோ இருக்கட்டும். முள்ளு கத்திரிக்காய் நம் ஊர்க் காய், தாராளமாகச் சேருங்கள், எண்ணெயில் மிதக்க விடாமல். ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும். தினம் ஒரு முழு முட்டை சாப்பிடலாம். மாலைப் பசிக்கு பஜ்ஜிக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டை (நிலக்கடலை).

ட்ரைகிளிசரைடை வேகமாக இறக்குவது எண்ணெயைக் குறைப்பதைவிடச் சர்க்கரையையும் மதுவையும் நிறுத்துவதுதான். ஷிஃப்டில் 5 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் என்றால் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி. வேலூர் வெயிலுக்குக் கரும்புச் சாறும் கூல்டிரிங்க்ஸும் குடித்தால் அது இரட்டிப்பாகும். தண்ணீரும் நீர்மோரும் குடியுங்கள். பிரியாணியை விட வேண்டாம். மாதம் இரண்டு முறை, மதியத்தில், சாதத்தைப் பாதியாக்கித் தயிர்ப் பச்சடியை இரட்டிப்பாக்கிச் சாப்பிடுங்கள். ராத்திரி 11.30 மணிக்கு வேண்டாம். இரண்டாவது ஷிஃப்ட் வாரத்தில் டிஃபன் பாக்ஸ் கொண்டுபோய் 8 மணி இடைவேளையிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

வாரத்தில் 5 நாள் 30 நிமிடம் வேகமாக நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிட நடை சர்க்கரை ஏற்றத்தைக் கண்கூடாகக் குறைக்கும். வாரம் இரண்டு நாள் தண்டால், பஸ்கி போன்ற தசைப் பயிற்சியும் வேண்டும், குளுக்கோஸை வாங்கிச் செலவழிப்பது தசைதான். எடையில் 4 முதல் 5 கிலோ குறைந்தால் போதும். சென்னையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு உணவும் நடையும் மட்டுமே நீரிழிவு வரும் அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தன, எடை பெரிதாகக் குறையாதவர்களிடமும்.

கொழுப்பு மாத்திரை பற்றிக் கூட வேலை செய்பவர்கள் சொல்வது வேறு ஆட்களுக்குப் பொருந்தும். எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால், அல்லது அப்பாவோ அண்ணனோ 55 வயதுக்குள்ளும், அம்மாவோ அக்காவோ 65 வயதுக்குள்ளும் மாரடைப்பு கண்டிருந்தால், குதிகால் தசைநாண் தடித்தோ கண் இமையில் மஞ்சள் திட்டோ இருந்தால், இளம் வயதிலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கலாம். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, அப்போதும் தாமதிக்கக் கூடாது. ஜிம்மில் யாராவது தரும் ஸ்டீராய்டு ஊசி, மாத்திரைகள் எச்.டி.எல்.-ஐ அடியோடு இறக்கிவிடும். போட்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தாகமும் அடிக்கடி சிறுநீரும் காரணமில்லாத எடைக் குறைவும் சேர்ந்து வந்தால் அடுத்த சோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இல்லையென்றால், மறுசோதனை முடிந்த நாளிலிருந்து 3 மாதம் மேலே சொன்னபடி இருந்துவிட்டு, ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல்., எச்.பி.ஏ1சி மூன்றையும் அதே லேபில் திரும்ப எடுங்கள். ட்ரைகிளிசரைடு 150-க்குள் வந்திருந்தால் அதற்குப் பிறகு வருடம் ஒரு முறை போதும். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுடைய இடுப்பையும் அளந்துவிடுங்கள். எல்லை தாண்டியிருந்தால், அப்பாவின் நீரிழிவை முன்னிட்டு அவர்களுக்கும் இதே சோதனைகள் வேண்டும்.