பாயும் காலும்

கேள்வி: பாய்மரப் படகோட்டத்தையும் மலையோட்டத்தையும் இணைக்கும் பிரிட்டனின் மூன்று சிகரப் படகுப் போட்டியில் வெற்றிக்கு உதவுவது கடலோடிகளின் திறமையா, ஓட்டக்காரர்களின் கால்வலிமையா?

பதில்: 1977-இல் தொடங்கிய இப்போட்டி, வேல்ஸின் பார்மவுத் துறைமுகத்தில் புறப்பட்டு, ஸ்நோடன் (1085 மீட்டர்), ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்), பென் நெவிஸ் (1345 மீட்டர்) ஆகிய சிகரங்களைத் தொட்டு, ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் முடிகிறது.

என் கருத்தில், கடலோடிகளின் கணிப்பே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஸ்நோடனிலிருந்து ஓட்டக்காரர்கள் திரும்பியதும் படகு மெனாய் நீரிணையைக் கடக்க வேண்டும். அங்கு ஓதநீரோட்டம் (கடல்மட்டம் ஏறி இறங்குவதால் உண்டாகும் நீரோட்டம்) சாதகமாக இருக்கும் நேரத்தைத் தவறவிட்ட அணி, அடுத்த ஓதத்துக்காகக் காத்திருந்து இழக்கும் மணிக்கணக்கான நேரத்தை எவ்வளவு வேகமாக ஓடினாலும் மீட்பது கடினம். பந்தயக் கடற்பகுதியில் எஞ்சினால் படகைச் செலுத்தக் கூடாது என்பதால், காற்று அடங்கிய இரவுகளில் துடுப்பு வலித்தே நகர வேண்டியிருக்கும். ஓய்வெடுக்க வேண்டிய ஓட்டக்காரர்களும் அப்போது துடுப்பைப் பிடிக்க நேரிடும்.

அவர்கள் படும் பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். அலைக்கழிப்பில் உறக்கமின்றி, குமட்டலால் உணவுமின்றிக் கரையிறங்குபவர் உடனே மலையை நோக்கி ஓட வேண்டும். நீங்கள் அணி அமைப்பதாக இருந்தால், அதிவேக ஓட்டக்காரரைவிட, ஆடும் படகில் உண்ணவும் உறங்கவும் பழகியவரையே தேர்ந்தெடுங்கள்.