கட்டு அவிழும் நேரம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. தொடையில் டூர்னிக்கே கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்துவதால் ஆக்சிஜனேற்ற அழுத்தம் உண்டாகிறது என்று படித்தேன். அதைத் தடுக்க இப்போதே வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரைகளைக் கொடுக்கத் தொடங்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எங்கோ படித்ததை நம்பி மாத்திரை கொடுக்க நினைத்தது பொறுப்பற்ற செயல். மீன் எண்ணெயும் அதிக அளவு வைட்டமின் ஈயும் ரத்தம் உறைவதில் குறுக்கிடக்கூடியவை. அந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள்.

பல காலமாக என்னை உறுத்துவது வேறு. கட்டு இறுகியிருக்கும்வரை, ரத்தம் கிடைக்காத தசை தனக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறைச் சிதைத்து, ஹைப்போக்சாந்தைன் என்ற சிதைபொருளாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. கட்டை அவிழ்த்ததும் ரத்தத்தோடு பாய்ந்து வரும் ஆக்சிஜனை சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதி, சேர்ந்த ஹைப்போக்சாந்தைனைச் சிதைக்கும்போது சூப்பர்ஆக்சைடாக மாற்ற, அதிலிருந்து கிளம்பும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற நிலையற்ற மூலக்கூறுகள் செல்சவ்வின் கொழுப்பை அரிக்கின்றன. நீங்கள் படித்த ஆக்சிஜனேற்ற அழுத்தம் இதுதான். உயிர்வேதியியலாளர் ஜோ மெக்கார்ட் 1985-இலேயே இதை விளக்கி எழுதிவிட்டார்.

மயக்க மருத்துவராக நோயாளியின் தலைமாட்டில் நின்று அந்தக் கணத்தைப் பார்த்துவந்தவன் நான். தொடையைச் சுற்றிய காற்றுப்பட்டையின் காற்று இறங்கியதும், மெழுகாக வெளிறியிருந்த பாதம் விரல் நுனிவரை சிவந்துவிடும். மானிட்டரில் ரத்த அழுத்தம் சரியும், மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு ஏறும். ஒருமுறை, காற்று ஏற்றிய நேரத்தைப் பலகையில் யாருமே எழுதியிருக்கவில்லை என்பதற்காக நான் போட்ட சத்தத்தில் அறுவை அரங்கமே உறைந்துபோனது. இன்று நினைத்தாலும் அந்தக் கோபம் நியாயமானது என்றே சொல்வேன்.

ஏனென்றால் இதில் நம் கையில் இருப்பது நேரமும் அழுத்தமும்தான். இரண்டு மணி நேரம்வரை கட்டலாம் என்ற வழக்கம் ஓர் உச்சவரம்பு. அதை முழுவதும் பயன்படுத்திக்கொள்ள யாருக்கும் உரிமை தரப்படவில்லை. முதல் கீறலிலிருந்து கடைசித் தையல்வரை கட்டியே வைத்திருப்பதும், எல்லாத் தொடைக்கும் கண்ணை மூடிக்கொண்டு 300 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் ஏற்றுவதும் பழக்கதோஷம். அந்தந்தக் காலில் ரத்தம் நிற்கும் அழுத்தத்தை அளந்து, அதற்குச் சற்று மேலே வைத்தால் போதும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1904-இல் காற்றடைத்த கட்டைக் கொண்டுவந்ததே, ரப்பர் பட்டை நரம்புகளை நசுக்காமல் இருக்கத்தான். அந்தக் கவனத்தை நாம் கைவிடலாமா? மூட்டு மாற்றில் கட்டுப் போட்டவர்களுக்கு வலியும் தீவிரச் சிக்கல்களும் கூடுதல் என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 41 ஆய்வுகளைத் தொகுத்த அறிக்கை 2020-இல் சொல்லியும், வேண்டுமா என்று கேட்காமலே கட்டிவிடுகிறோம்.

ஆகவே, கட்டு அவசியமா, எவ்வளவு நேரம், என்ன அழுத்தம் என்று அறுவை நிபுணரிடம் தயங்காமல் கேளுங்கள். அம்மாவுக்குக் கால் ரத்தக்குழாய் அடைப்போ, முன்பு கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த வரலாறோ இருந்தால், மயக்க மருந்துப் பரிசோதனைக்குப் போகும்போது அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.