முதல் செல்லப் பல்லி: சிறுத்தை கெக்கோவா, கிரெஸ்டட் கெக்கோவா?

முதல்முறையாக வளர்க்க இந்த இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். தீனிக்காக உயிருள்ள பூச்சிகளை வீட்டில் வைத்திருக்க அருவருப்பு இல்லையென்றால் சிறுத்தை கெக்கோவையே வாங்குங்கள்.

அது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்து உயிரினம். சுவர்ப் பல்லி மாதிரி கண்ணாடியில் ஏறாது, கண்ணிமை உண்டு, நிதானமாக நடக்கும், கைக்கும் பழகும். கிரெஸ்டட் கெக்கோ, பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் காடுகளுக்குரியது. அழிந்துவிட்டதென்று நினைத்திருந்தபோது 1994-இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதற்குப் பழத்தூள் உணவே போதும் என்பது வசதிதான், ஆனால் 28 டிகிரிக்கு மேல் வெயில் போனால் திணறும், திடீரென்று தாவும், வால் விழுந்தால் திரும்ப முளைக்காது.

சிறுத்தை கெக்கோவுக்குச் சூடுதான் எல்லாமே. தொட்டியின் ஒரு பக்கத் தரை 32 முதல் 34 டிகிரி, மறுபக்கம் 25 அளவில் இருக்கட்டும், சூடு குறைந்தால் தின்றது செரிக்காது, அதற்காகத் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் சூடேற்றும் பாயைப் போடவே போடாதீர்கள், வயிறு வெந்துவிடும். இரண்டு பக்கமும் ஒளிய இடம் வேண்டும். அப்புறம் ஈரப்பாசி போட்ட ஒரு பொந்து. அது இல்லையென்றால் உரியும் தோல் விரலைச் சுற்றி இறுகி, விரலே போய்விடும்.

பூச்சி அதன் இரு கண்களின் இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கால்சியம் தூள் தூவாமல் கொடுத்தால் எலும்பு வளைந்துவிடும், பார்க்கவே பாவமாக இருக்கும்.

வாங்கும்போது வாலைப் பாருங்கள், தடித்திருக்க வேண்டும். காட்டில் பிடித்ததை வாங்கவே வாங்காதீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம்கூட உங்களோடு இருக்கும்.