லெபனானில் ஷியா முஸ்லிம்கள் இவ்வளவு அரசியல் பலம் பெற்றது எப்படி? இப்போது அது குறைகிறதா?

குவைத்தில் வேலை பார்த்தபோது என் மேனேஜர் ஒரு லெபனான் ஷியா. தெற்கே நபத்தியே ஊர்க்காரர். உங்கள் நாட்டில் நீங்கள் எத்தனை சதவீதம் என்று ஒருநாள் டீ நேரத்தில் கேட்டேன். தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது எண்ணினார்கள், அதோடு சரி என்று சிரித்தார். நிஜம்தான். அங்கே கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1932இல், பிரெஞ்சு ஆட்சியில்.

அந்தக் கணக்கை வைத்துத்தான் 1943இல் பதவிகளைப் பிரித்துக்கொண்டார்கள். அதிபர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. அந்தச் சபாநாயகரும் அப்போது வருஷா வருஷம் தேர்தலில் நிற்க வேண்டியிருந்தது. தெற்கில் புகையிலை பயிரிட்டுக்கொண்டும் பெய்ரூட் புறநகரில் கூலி வேலை பார்த்துக்கொண்டும் இருந்த ஷியாக்களுக்காக அரசியல் செய்தது சில நிலக்கிழார் குடும்பங்கள்தான். ஈரானில் பிறந்த மதகுரு மூசா சதர் 1959இல் தெற்கு லெபனானின் டயர் நகருக்கு வந்து, 1974இல் வறியவர்களுக்கான இயக்கம் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. (1978இல் லிபியா போனவர் திரும்பவே இல்லை.) 1982இல் இஸ்ரேல் படையெடுத்ததும் ஈரானின் உதவியோடு ஹிஸ்புல்லா என்ற ஷியா ஆயுத இயக்கம் முளைத்தது.

பலரும் நினைப்பதுபோல இது எம்.பி. எண்ணிக்கையால் வந்த பலம் இல்லை. 128 இடங்களில் ஷியாக்களுக்கு 27, சுன்னிகளுக்கும் அதே 27. 1975-90 உள்நாட்டுப் போர் முடிந்து மற்ற ஆயுதக் குழுக்கள் கலைக்கப்பட்டபோது ஹிஸ்புல்லா மட்டும் ஆயுதத்தை வைத்துக்கொண்டது. 2008 மே மாதம் மேற்கு பெய்ரூட்டையே பிடித்துக் காட்டியது. அப்புறம் கத்தாரின் தோஹாவில் பேசி, 30 அமைச்சர்களில் 11 பேரை அதன் அணி வாங்கிவிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமைச்சர்கள் விலகினால் அரசு கவிழும் என்பது அங்கே சட்டம். எதையும் நடக்கவிடாமல் நிறுத்தும் இந்தச் சக்திதான் அவர்களின் நிஜமான அதிகாரம் என்பேன்.

இப்போது துப்பாக்கி பலம் நன்றாகவே குறைந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் ஹிஸ்புல்லா தலைவர் நஸ்ரல்லா கொல்லப்பட்டார். டிசம்பரில் சிரியாவில் அதிபர் அசாத்தின் ஆட்சி விழுந்ததும் ஈரானிலிருந்து ஆயுதம் வரும் பாதை அடைபட்டது. 2025 ஆகஸ்டில் ஆயுதங்களை அரசின் கைக்குக் கொண்டுவரத் திட்டம் தயாரிக்கும்படி அமைச்சரவை ராணுவத்திடம் சொன்னபோது, ஷியா அமைச்சர்களால் வெளிநடப்புதான் செய்ய முடிந்தது.

ஆனால் ஓட்டு வேறு கணக்கு. 2022 தேர்தலில் ஷியாக்களுக்கான அந்த 27 இடங்களும் ஹிஸ்புல்லாவும், மூசா சதர் இயக்கத்திலிருந்து வந்த அமல் கட்சியும் சேர்ந்த கூட்டணிக்கே போயின. அமல் தலைவர் நபீஹ் பெர்ரி 1992இலிருந்து சபாநாயகர். 2025இல் அமைந்த அரசிலும் நிதியமைச்சு அவர் கைகாட்டிய யாசின் ஜாபருக்குத்தான் போனது. அவரும் நபத்தியேக்காரர்தான்.