பயாப்சியில் ‘தரம் 2’ என்று வந்தால்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்களுக்கு மாந்தோப்பு. காவலுக்கு வளர்க்கும் நாட்டு நாய் செல்லிக்கு 9 வயது. கருத்தடை செய்யவில்லை. கடைசிக் காம்பை ஒட்டி மிளகு போல இருந்த கட்டி ஆறு மாதத்தில் நெல்லிக்காய் அளவு ஆகிவிட்டது. சூட்டுக்கட்டி என்று நினைத்துச் சுண்ணாம்பு தடவினோம். போன மாதம் ஆபரேஷனில் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘கார்சினோமா, 2.5 செ.மீ., தரம் 2, மொத்தம் 6, ஓரங்கள் சுத்தம்’ என்று இருக்கிறது. இது இரண்டாம் கட்டப் புற்றுநோயா? ‘இனி எதற்குச் செலவு’ என்கிறார் மாமனார். செல்லி இன்னும் எவ்வளவு நாள் இருப்பாள்?

பதில்: ரிப்போர்ட்டில் உள்ள ‘கார்சினோமா’ பால் சுரப்பியில் வந்த புற்றுநோய். முதலில் மாமனாரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். தரம் வேறு, கட்டம் வேறு. நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் கட்டம். எடுத்த கட்டியின் செல்கள் எவ்வளவு முரடாக இருக்கின்றன என்பது தரம். உங்கள் ரிப்போர்ட் சொல்வது தரத்தை மட்டும்தான்.

அந்த ‘மொத்தம் 6’ எப்படி வந்தது என்று பாருங்கள். மைக்ராஸ்கோப்பில் மூன்று விஷயங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். பால் சுரப்பியைப் போல ஒழுங்கான குழாய்கள் மிச்சம் இருக்கின்றனவா, செல்லின் உட்கரு எவ்வளவு உருமாறிவிட்டது, எத்தனை செல்கள் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன. கூட்டினால் 3 முதல் 5 வரை தரம் 1. 6, 7 என்றால் தரம் 2. 8, 9 என்றால் தரம் 3. செல்லியின் 6, தரம் 2-இன் கீழ்ப்படியில் நிற்கிறது. திரும்ப வருவதும் நுரையீரலுக்குப் பரவுவதும் தரம் 3-இல்தான் அதிகம். மூன்று மதிப்பெண்களும் தனித்தனியாக எழுதியிருந்தால், செல் பிரிவதற்குப் போட்டதைப் பாருங்கள். அது 1 என்றால் எனக்கு இன்னும் நிம்மதி.

கட்டி 3 செ.மீ.க்குள் இருந்ததும் ஓரங்கள் சுத்தமாக, அதாவது வெட்டிய விளிம்பில் புற்றுநோய்ச் செல் இல்லாமல், வந்ததும் அவளுக்குச் சாதகம். ஆனால் எத்தனை மாதம், எத்தனை வருஷம் என்று சொல்ல இரண்டு விவரம் குறைகிறது. நிணநீர்க் குழாய்க்குள் செல்கள் புகுந்திருந்தனவா என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா? பின்தொடை இடுக்கிலுள்ள நெறிக்கட்டியை (நிணநீர் முடிச்சை) சோதித்தார்களா? கடைசிக் காம்புப் பக்கத்துக் கட்டி பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் அதுதான். அங்கே நோய் இருந்தால், தரம் என்னவாக இருந்தாலும் கணக்கு மாறிவிடும். ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேளுங்கள்.

அப்புறம் நெஞ்சு எக்ஸ்ரே. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் போதாது. வலப்பக்கம் சாய்த்து ஒன்று, இடப்பக்கம் சாய்த்து ஒன்று, மல்லாக்கப் படுக்க வைத்து ஒன்று என மூன்று வேண்டும். சாய்ந்து படுக்கும்போது கீழே அமுங்கும் நுரையீரலில் சின்ன முடிச்சு இருந்தால் படத்தில் தெரியாமல் போகும். உங்கள் ஊர்ப்பக்கம் வசதி இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போகலாம். இப்போது ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை எடுங்கள். இந்தச் செலவைத் தவிர்க்க வேண்டாம். எக்ஸ்ரேயும் நெறிக்கட்டியும் சுத்தம் என்றால், தரம் 2-க்குப் பெரும்பாலும் ஆபரேஷனே போதும். அப்படிப்பட்ட நாய்கள் பல வருஷக்கணக்கில் நன்றாக இருப்பதும் உண்டு.

கருத்தடையை இப்போது செய்தாலும் தரம் 2 நாய்களுக்குப் பலன் இருக்கலாம் என்று ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் போய்விடும். ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) வராமல் இருக்க ஹார்மோன் ஊசி மட்டும் இனி போடாதீர்கள்.

மாதம் ஒருமுறை செல்லியை மல்லாக்கப் படுக்க வைத்து, அக்குள் முதல் தொடை இடுக்கு வரை இரண்டு வரிசையையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஒரு வரிசைக்கு ஐந்து சுரப்பி. காம்புக்கு அடியில் அரிசி போல ஏதாவது நெருடினாலும் உடனே காட்டுங்கள். அந்த இடம் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கினால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். சுண்ணாம்பு தடவியதை நினைத்து மனம் வருந்த வேண்டாம். கட்டி அதனால் வரவில்லை. சிகிச்சை கொஞ்ச நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

தோப்பில் செல்லியின் பெண்குட்டி ஏதும் வளர்கிறதா? முதல் ஹீட்டுக்கு முன்பே கருத்தடை செய்த நாய்க்குப் பால் சுரப்பிப் புற்றுநோய் வரும் ஆபத்து, செய்யாத நாய்க்குள்ளதில் 0.5 சதவீதம்தான் என்கிறது 1969-இல் வந்த பழைய ஆய்வு. ஒரு ஹீட் கழிந்தால் 8, இரண்டோ அதற்கு மேலோ போனால் 26. குட்டி இருந்தால், செல்லியை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப் போகும்போது அதையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.