மதியச் சாப்பாட்டு மணியில் சைக்கிள்

வணக்கம் சார்,

கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 44. மூன்று வருடமாகச் சைக்கிள் மிதிக்கிறேன். செப்டம்பரில் முதல்முறையாக 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் சவாரி, முடித்தேன். பதின்மூன்றரை மணி நேரக் கெடுவில் பதினைந்து நிமிடம்தான் மிச்சம். கார்த்திகை பிறந்ததிலிருந்து எல்லாம் நின்றுவிட்டது. காலையில் ஆறரை வரை இருட்டும் பனியும், அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் வேலை. சாயங்காலம் வெளியே வந்தால் மறுபடி இருட்டு. மதியம் ஒரு மணி நேர இடைவேளை மட்டும் கையில் இருக்கிறது. அதில் அரை மணி மிதித்தால் பிரயோஜனம் உண்டா, வெறும் வியர்வைதானா? சாப்பிட்டுவிட்டுப் போவதா, வந்து சாப்பிடுவதா? ஆபீஸில் சிரிக்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சாப்பாட்டுக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் எனக்கு அடிபட்ட அனுபவம் உண்டு.

வேலையில் இருந்த காலம். ஒரு மார்கழி மதியம், வீட்டிலிருந்து வந்த கேழ்வரகுக் களியையும் கீரைக் கடைசலையும் மிச்சம் வைக்காமல் இறக்கிவிட்டு சைக்கிளில் ஏறினேன். களியை நம் ஊரில் யாரும் மெல்லுவதில்லை, விழுங்குவதுதான். விழுங்கியது உருண்டையாகவே உள்ளே உட்கார்ந்திருக்கும் என்பது மூன்றாவது கிலோமீட்டரில் தெரிந்தது. சின்ன மேடுதான். எழுந்து நின்று நாலு மிதி மிதித்ததும் உருண்டை தொண்டைக்கு வந்துவிட்டது. மாந்தோப்பு வேலியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குந்திக்கொண்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "என்னா சாரு, மயக்கமா?" என்று தூக்குவாளித் தண்ணீரை நீட்டினார். அன்றிலிருந்து வந்துதான் சாப்பாடு. பதினோரு மணி வாக்கில் ஒரு வாழைப்பழம் போதும், அரை மணிக்கு அதுவே தாங்கும்.

இனி பிரயோஜனம் உண்டா என்ற கேள்வி. உண்டு, ஒரு நிபந்தனையோடு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். ஆட்களைப் பத்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள், தினம் 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்யவைத்தார். பிறகு 15 வாரம் நேரத்தை மட்டும் குறைத்தார்: சிலருக்கு 26 நிமிடம், சிலருக்கு 13 நிமிடம். உடல் உச்சகட்டமாக இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு இரு தரப்பிலுமே இறங்கவில்லை. இன்னொரு சோதனையில் ஆறு நாளை இரண்டு நாளாக்கியும் பார்த்தார், அப்போதும் நின்றது. ஆனால் பயிற்சியின் கடுமையைக் குறைத்தபோது நிற்கவில்லை, இறங்கிவிட்டது.

ஆக, நேரத்தில் கஞ்சத்தனம் பண்ணலாம், மூச்சு வாங்குவதில் பண்ணக் கூடாது. மதியச் சவாரி செய்யும் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வெயிலும் இதமாக இருக்கிறது, நேரமும் இல்லை, சும்மா ஒரு சுற்று என்று பேசிக்கொண்டே போய் வருகிறார்கள். மனசுக்கு நல்லது, மறுப்பதற்கில்லை. பிப்ரவரியில் 200 போகும்போது அது கைகொடுக்காது.

நான் செய்தது இது. பத்து நிமிடம் லேசாக. பிறகு மூன்று நிமிடம், ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாத அளவுக்கு அழுத்தி மிதிப்பது. இரண்டு நிமிடம் விடுவது. இப்படி நாலு தடவை. கடைசி ஐந்து நிமிடம் சின்ன கியரில் ஆபீஸ் திரும்புவது. மொத்தம் 35 நிமிடம். செவ்வாயும் வியாழனும் மட்டும் இப்படி. தினமும் செய்தால் இரண்டாவது வாரமே கால் மக்கர் பண்ணும். உங்களுக்கு நாற்பது தாண்டிவிட்டது, ஆரம்பிக்கும் முன் ஒரு ஈசிஜி பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியைப் பற்றி. கிருஷ்ணகிரியில் சைக்கிள் என்றாலே எல்லோருக்கும் கேஆர்பி அணைதான் நினைவுக்கு வருகிறது. ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். எனக்கும் தென்பெண்ணைத் தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்ற பேராசை இருந்தது. போக வர முழு இடைவேளையும் தீர்ந்துபோகும், நடுவில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கியே பாதி மிதி வீணாகும். அணையை மறந்துவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையையும் மறந்துவிடுங்கள். தோப்புகளுக்கு நடுவே போகும் ஏதாவது ஒரு கிராமச் சாலையில், மூன்று நிமிடம் நீளமுள்ள ஒரு மேட்டைக் கண்டுபிடித்து அதையே ஏறி ஏறி இறங்குங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். தை கடைசியில் அதே மாமரங்கள் பூவெடுத்து நிற்கும்போது அந்த வாசனைக்காகவே ஐந்தாவது தடவை ஏறத் தோன்றும்.

இந்த மாதங்களில் வாடைக்காற்று அடிக்கும். அதற்கு எதிர்முகமாகக் கிளம்புங்கள், திரும்பும்போது தள்ளிவிடும். மாற்றிச் செய்தால் ஒன்றேமுக்காலுக்குக் காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

சிரிப்பவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்கள் சைக்கிளைப் பார்த்துச் சிரிப்பதில்லை, நனைந்த சட்டையைப் பார்த்துத்தான். டீ ஷர்ட்டில் போங்கள். ஆபீஸ் சட்டை ஹேங்கரிலேயே இருக்கட்டும். வந்ததும் உடனே சட்டை போடாதீர்கள், வியர்வை அடங்காது. முகம் கழுத்து கழுவி, ஈரத் துண்டால் துடைத்து, ஐந்து நிமிடம் ஃபேனுக்குக் கீழே நில்லுங்கள். பிறகு தயிர்சாதம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சீட்டுக்கு அடியில் ஒரு மாற்று ட்யூப் கட்டாயம். சீமைக்கருவேல முள் ஒருநாள் ஏறியது, நான் மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஹிக்சனின் 13 நிமிடக்காரர்களுக்கு உச்ச அளவு நின்றதே தவிர, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறன் குறைந்தது. அதுபோக, எட்டாவது மணி நேரத்தில் உட்காரும் இடத்தில் வரும் வலி, மரத்துப்போகும் உள்ளங்கை, சாப்பிட்டுக்கொண்டே மிதிக்கும் பழக்கம் இதற்கெல்லாம் மதிய அரைமணியில் மருந்து கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறாவது பனி விலகிய பிறகு கிளம்பி ராயக்கோட்டைப் பக்கம் மூன்று நாலு மணி நேரம் போய் வாருங்கள். வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

சிவராத்திரியோடு குளிர் சிவ சிவா என்று போய்விடும் என்பார்கள். அதற்குப் பிறகு நம் ஊர் மதிய வெயிலில் சைக்கிளைத் தொடாதீர்கள், ஹேண்டில்பாரே சுடும். அதற்குள் காலையில் சீக்கிரம் விடிய ஆரம்பித்திருக்கும். அணைக்கு அப்போது போய்க்கொள்ளலாம். மீன் வறுவல் வேண்டுமென்றால் மட்டும் காலையில் போகாதீர்கள், கடை திறந்திருக்காது.